99 ஆண்டுக் குத்தகையும் 200 ஆண்டு உறக்கமும்

கேள்வி: அறிவியல் புனைகதைகளில் நம் காலத்து ஆள் ஒருவர் உறைநிலைப் பேழையில் படுத்து, 200 ஆண்டுகள் கழித்து விழித்தெழுந்து, ஒரே வாரத்தில் பறக்கும் வாகனத்தை ஓட்டத் தொடங்கிவிடுகிறார். உண்மையில் அப்படி ஒருவருக்கு எது ஆகக் கடினமாக இருக்கும்?
(வாசகர், ஈசூன்)

பதில்: வாகனத்தை ஓட்டுவது அவருக்கு ஆக எளிய வேலையாக இருக்கும். எந்தக் காலத்திலும் கருவிகள், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களும் கையாளும்படியே செய்யப்படுகின்றன. 2003ஆம் ஆண்டு சிங்கப்பூரின் வடகிழக்கு ரயில் பாதையில் ஓட்டுநரில்லா ரயில்கள் ஓடத் தொடங்கியபோது நாம் யாரும் பயிற்சி வகுப்புக்குப் போகவில்லை. கதவு திறந்ததும் ஏறிக்கொண்டோம். கருவியைச் சுற்றி ஊரார் வகுத்துக்கொண்டிருக்கும் நடைமுறைதான் கடினமானது. அது எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் அதை எழுதிவைப்பதில்லை.

கம்பத்து (கிராமத்து) வீடுகளிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தவர்களைப் பற்றி நம் முதல் பிரதமர் லீ குவான் இயூ தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பன்றிகளைப் படிக்கட்டு வழியாக மேலே ஓட்டிச்செல்ல முயன்றவர்கள், சமையலறையில் கோழியும் வாத்தும் வளர்த்த குடும்பம், மின்தூக்கிக்கு அஞ்சிப் பல மாடிகள் நடந்தே ஏறியவர்கள், மின்விளக்கு இருக்க மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றியவர்கள் என்று அவர் அடுக்கும்போது சிரிப்பு வரும். மின்தூக்கியின் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். பன்றி வளர்த்துப் பிழைத்தவர் இனி எதைச் செய்து பிழைப்பது என்ற கேள்விக்கு விடை காண ஒரு நாள் போதாது.

இதற்கு 200 ஆண்டுகள்கூடத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் கண்ணயர்ந்து 2021ஆம் ஆண்டின் இறுதியில் தோ பாயோவில் விழித்தெழுந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அதே கட்டடங்கள், அதே பேருந்துகள். ஆனால் முகக்கவசமின்றித் தெருவில் இறங்கிய கணமே அவர் விதியை மீறியவராகிறார். கடைத்தொகுதி வாசலில், கோவிட் தொற்றுத் தொடர்புகளைத் தடமறியும் டிரேஸ்டுகெதர் கருவியைக் காட்டச் சொல்கிறார்கள். தடுப்பூசி போடாதவர் என்பதால் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து ஒரு பரோட்டா சாப்பிடவும் வழியில்லை.

உண்மையாகவே இப்படி அகப்பட்டவர்கள் உண்டு. சோவியத் விண்வெளி வீரர் செர்கேய் கிரிகல்யோவ் 1991ஆம் ஆண்டு மே மாதம், ஏறத்தாழ 5 மாதத்தில் திரும்புவதாக மிர் நிலையத்துக்குப் புறப்பட்டார். 1992ஆம் ஆண்டு மார்ச் மாதம் தரையிறங்கியபோது அவரை அனுப்பிய நாடே இல்லை. அவர் பிறந்த லெனின்கிராடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகியிருந்தது. ஏவுதளம் இருந்த கஸக்ஸ்தான் தனி நாடாகியிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் அமெரிக்க விண்ணோடத்தில் ஏறிப் பறந்தார். நாடு மாறினாலும் அவருடைய தொழில் மாறவில்லை என்பதே அவரைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

மற்றவர் ஜப்பானியப் படைவீரர் ஹிரோ ஒனோடா. இரண்டாம் உலகப் போர் முடிந்ததை நம்பாமல் பிலிப்பீன்சின் லுபாங் தீவுக் காட்டில் 1974 வரை ஒளிந்திருந்தவர். போர் முடிந்தது என்று வானிலிருந்து போடப்பட்ட துண்டுத்தாள்களை எதிரியின் சூழ்ச்சி என்று அவர் ஒதுக்கினார். அந்த நம்பாமைக்கு விலையாகத் தீவுவாசிகள் பலர் உயிரிழந்தார்கள். (அவரை வெறும் விசுவாசத்தின் சின்னமாகப் பேசுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.) நாடு திரும்பியவருக்குப் புதிய ஜப்பான் ஒட்டவில்லை. மறு ஆண்டே பிரேசிலுக்குப் போய் மாட்டுப்பண்ணை வைத்தார். அயல்நாடான பிரேசிலில் வேரூன்ற முடிந்தவருக்குத் தாய்மண்ணில் முடியவில்லை. குகையில் உறங்கி யுகம் கழித்து வெளியே வந்து, மனிதரும் மரங்களும் குறுகிப்போயிருக்கக் கண்ட புராண மன்னன் முசுகுந்தனும் வடக்கே மலைகளை நோக்கித் தவத்துக்குத்தான் போனான். புதிய ஊருக்கு வருபவரிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அவரும் எதையும் தேடுவதில்லை. பழைய ஊருக்குத் திரும்புபவரோ ஒவ்வொரு முனையிலும் இல்லாத கடையைத் தேடுகிறார். ஆகவே உங்கள் கதாநாயகர் 2225ஆம் ஆண்டில் விழித்தால், தாம் ஈசூனுக்குத் திரும்பியிருப்பதாக எண்ண வேண்டாம். வேலை அனுமதிச் சீட்டோடு அன்றுதான் வந்திறங்கிய வெளிநாட்டு ஊழியராகத் தம்மை எண்ணிக்கொள்ளட்டும்.

கேள்வி: வங்கியில் கொஞ்சம் பணம் போட்டுவிட்டு உறங்கினால், விழிக்கும்போது கூட்டுவட்டியால் கோடீசுவரர் ஆகிவிடலாம் அல்லவா?
(வாசகி, தெம்பனிஸ்)

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,000 சிங்கப்பூர் வெள்ளியை ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டு வட்டியில் (மத்திய சேமநிதிச் சாதாரணக் கணக்குக்கு நாம் பழகிப்போன விகிதம்) 200 ஆண்டுகள் விட்டுவைத்தால் அது ஏறத்தாழ 140,000 வெள்ளியாகும். அதே காலத்தில் விலைவாசி ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறினால், இன்று ஒரு வெள்ளிக்கு விற்கும் பொருளின் விலை 52 வெள்ளியைத் தாண்டியிருக்கும். ஆக, கையில் இருப்பது இன்றைய மதிப்பில் 2,660 வெள்ளி. இருநூறு ஆண்டு உறக்கத்துக்கு அது சொற்பக் கூலி.

வீடு இருக்கிறதே என்பீர்கள். வீவக வீட்டின் குத்தகை 99 ஆண்டுகள். உறக்கத்தின் பாதியிலேயே அது கைமாறிப் போயிருக்கும். அதைவிடச் சிக்கலானது உங்கள் பெயர். செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்கள் 7 ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது நம் சான்றுச் சட்டம். விழித்தெழுந்தவர் அரசு அலுவலக முகப்பின் முன் நின்று, தாம் இறக்கவில்லை என்று தாமே வாதாட நேரலாம். கைவிரல் ரேகை, முக அடையாளம் எல்லாம் பழைய பதிவேட்டோடு ஒத்துப்போனால் பிழைத்தார்.

குகைத் தோழர்களைப் பற்றிய திருக்குர்ஆன் வரலாற்றில், 300 ஆண்டுகளுக்கு மேல் உறங்கி எழுந்தவர்கள் தங்களில் ஒருவரிடம் வெள்ளிக்காசைக் கொடுத்து உணவு வாங்கிவர நகருக்கு அனுப்புகிறார்கள். அவர் நயமாக நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். எவ்வளவு காலம் உறங்கினோம் என்பது அவர்களுக்கே தெரியாது. ஆனாலும் அந்த அறிவுரை சரியாகவே இருக்கிறது.

கேள்வி: எதிர்கால மக்கள் அவரை வரவேற்பார்களா?
(வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: முதலில் தனி அறையில் அடைப்பார்கள். நிலவில் உயிர் எதுவும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அறிந்தும், அப்போலோ 11 வீரர்களை 1969இல் 3 வாரம் தனிமைப்படுத்தினார்கள். நம் காலத்துச் சளிக்காய்ச்சல் கிருமிகளோடு வருபவரை அவ்வளவு எளிதில் தெருவில் விடமாட்டார்கள்.

கேள்வி: 500 ஆண்டுகள் கழித்து நம் தமிழ் அவர்களுக்குப் புரியுமா?
(உயர்நிலைப் பள்ளி மாணவி, பொங்கோல்)

பதில்: பேசினால் திணறுவார்கள், எழுதிக்காட்டினால் ஓரளவு பிடிபடும். நம் எழுத்துத் தமிழ் பேச்சைவிட மெதுவாக மாறுவது. எழுத்தும் மாறத்தான் செய்கிறது: தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில், ‘லை’, ‘னை’ ஆகியவற்றில் தும்பிக்கை போன்ற கொம்பு வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துகள் புரிந்துவிட்டாலும் சொற்கள் காலை வாரிவிடும். தொல்காப்பியர் காலத்தில் ‘கிழவன்’ என்றால் உரியவன், தலைவன். அந்தக் காலத்தவர் ஒருவர் உங்கள் தந்தையை மரியாதையாக அப்படி அழைத்தால் வீட்டில் என்ன நடக்கும்? நாம் பணிவோடு சொல்லும் எந்தச் சொல் 2525இல் வசையாகியிருக்குமோ! ஆகவே முதல் மாதம் கேட்பது அதிகமாகவும் பேசுவது குறைவாகவும் இருக்கட்டும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. காப்பிக்கடையில் கியூஆர் குறியீட்டைக் கண்டால், “நான் அடுத்த நூற்றாண்டில் வந்து மாட்டிக்கொண்டேன்” என்கிறார். எல்லாவற்றையும் நானே என் கைப்பேசியில் செய்துகொடுத்துவிடுகிறேன். இது சரிதானா?
(வாசகி, அங் மோ கியோ)

பதில்: இந்தப் பக்கத்துக் கேள்விகளுக்கெல்லாம் பட்டறிவோடு விடை சொல்லத் தகுந்தவர் உங்கள் அப்பாதான். சந்தையில் ‘கட்டி’ எனும் பழைய எடைக் கணக்கில் மீன் வாங்கியவர் கிலோவுக்கு மாறினார். பேருந்து நடத்துநரிடம் சீட்டு வாங்கியவர் அட்டையைத் தட்டப் பழகினார். 1982 பிறந்தபோது நாடே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்ததையும் ஏற்றுக்கொண்டார். அந்த மாற்றங்களில் ஒவ்வொன்றின்போதும் கேட்பதற்கு எதிரே ஒரு மனிதர் இருந்தார். இப்போதைய மாற்றம் அந்த மனிதரையே எடுத்துவிட்டது. அவருடைய சினம் கருவியின் மீது அல்ல என்று எனக்குப் படுகிறது.

நீங்களே செய்துகொடுப்பது அன்புதான், ஆனால் அவர் விருந்தாளியாகவே இருந்துவிடுவார். சமூக மன்றங்களிலும் பொது நூலகங்களிலும் மூத்தோருக்குக் கற்றுத்தர மின்னிலக்கத் தூதர்கள் இருக்கிறார்கள். மகளிடம் மூன்றாம் முறை கேட்கக் கூசுபவர் அவர்களிடம் பத்து முறை கேட்பார். வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது கைப்பேசி அவர் கையிலேயே இருக்கட்டும். விரல் தவறினாலும் பிடுங்காதீர்கள். முதலில் ஒரு காப்பிக்கு மட்டும் அவரே பணம் செலுத்தட்டும். பின்னால் வரிசை நிற்கிறதே என்று பதறுவார் என்றால், பிற்பகல் மூன்று மணிக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த நேரத்தில் கடைக்காரருக்கும் பேச ஆள் வேண்டியிருக்கும்.