வாசகர் கேள்வி: பட்டம் வேண்டாமென்ற டோனி பென்

கேள்வி: பிரிட்டிஷ் அரசியல்வாதி டோனி பென், தந்தை வழியில் வந்த பிரபுப் பட்டத்தை உதறினார் என்று படித்தேன். தேடி வந்த கௌரவத்தை எதிர்த்து ஒருவர் ஏன் அவ்வளவு போராட வேண்டும்?

பதில்: பரம்பரைப் பிரபுவாகிவிட்டவர் பிரபுக்கள் சபைக்கு உரியவர், மக்களவையில் அமர முடியாது, பட்டத்தைத் துறக்கவும் முடியாது என்பதே அன்றைய பிரிட்டிஷ் சட்டம். டோனியின் தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை இந்திய விவகாரங்களுக்கான அமைச்சராக இருந்தவர். 1942இல் ஸ்டான்ஸ்கேட் பிரபுவானார். மூத்த மகன் மைக்கேல் 1944இல் விமானப்படைப் பணியில் உயிரிழந்ததால், வாரிசுரிமை டோனியைச் சேர்ந்தது.

டோனியோ 1950இலேயே, 25 வயதில், பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியில் தொழிற்கட்சி சார்பில் வென்று மக்களவைக்குள் நுழைந்துவிட்டார். 1960 நவம்பரில் தந்தை மறைந்ததும் அந்த இடம் பறிபோனது. 1961 மே மாத இடைத்தேர்தலில், தகுதியில்லை என்று தெரிந்தே மீண்டும் நின்றார். தொகுதி மக்களும் அது தெரிந்தே 13,000க்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அவரை வெற்றிபெறச் செய்தனர். ஆனால் அவைக்குள் அவரை விடவில்லை. தேர்தல் நீதிமன்றம், தோற்றுப்போன கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு அந்த இடத்தைக் கொடுத்தது. தனி மனிதரின் குறையாகத் தொடங்கிய வழக்கு, தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளரின் உரிமை பற்றிய வழக்காக மாறியது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

1963 ஜூலை 31 அன்று, பட்டத்தைத் துறக்க வழிசெய்த பிரபுப் பட்டங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது; அன்றே பட்டத்தைத் துறந்த முதல் மனிதர் பென். சட்டம் மாறினால் விலகுவேன் என்று சொன்ன சொல் தவறாமல் செயின்ட் கிளேர் விலகி வழிவிட்டதையும் மறக்கக் கூடாது. ஆகஸ்ட் இடைத்தேர்தலில் பென் திரும்பி வந்தார். அதே சட்டத்தைப் பயன்படுத்தித்தான், சில வாரங்களில் கன்சர்வேடிவ் கட்சியின் ஹோம் பிரபு பட்டத்தைத் துறந்து, பிரதமராக மக்களவைக்கு வந்தார்.

பின்னர் பென் தொழில்நுட்பம், தொழில்துறை, எரிசக்தி அமைச்சராகப் பணியாற்றினார். 1981இல் தொழிற்கட்சியின் துணைத் தலைவர் பதவிக்கு டெனிஸ் ஹீலியிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார்; அந்தப் போட்டி கட்சிக்குள் ஏற்படுத்திய பிளவுக்கு அவரும் பொறுப்பாளி என்றே கருதுகிறேன். ஆனாலும் அதிகாரத்தில் இருப்பவரிடம் அவர் கேட்கச் சொன்ன கேள்விகள் இன்றும் உயிருடன் இருக்கின்றன: உமக்கு என்ன அதிகாரம் உண்டு, அதை யார் கொடுத்தார்கள், யாருடைய நலனுக்காகச் செலுத்துகிறீர், யாருக்குப் பதில் சொல்வீர், உம்மை நாங்கள் எப்படி நீக்குவது? இவற்றுள் கடைசிக் கேள்விக்குப் பரம்பரைப் பிரபுவிடம் பதில் இராது. பென் அந்தக் கேள்விக்கு உட்பட்டவராகவே இருக்க விரும்பினார். 1983இல் பிரிஸ்டல் வாக்காளர்கள் அவரைத் தோற்கடிக்கவும் செய்தார்கள். மறு ஆண்டே செஸ்டர்ஃபீல்டு அவரைத் தேர்ந்தெடுக்க, 2001 வரை மக்களவையிலேயே இருந்தார்.