மகள் வீட்டிலேயே குழந்தைப் பராமரிப்புத் தொழில் தொடங்க விரும்பினால்

அன்புள்ள அம்மா,

குழந்தை வளர்ச்சி குறித்துப் படித்து முடித்த உங்கள் மகள், மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேராமல், பிறர் குழந்தைகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் சுயதொழிலைத் தொடங்க நினைப்பது உங்களைக் கலங்கவைத்திருப்பது புரிகிறது. படித்த படிப்புக்கு இது ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் நிம்மதியாக வேலைக்குப் போவதே இந்த வேலையை யாரோ ஒருவர் பொறுப்பாகச் செய்வதால்தான் என்பதால், இது தகுந்த வேலைதான் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. என் கவலை வேறு: முதல் நாளிலேயே அதிகக் குழந்தைகளை ஏற்றுக்கொள்வதுதான் இத்தொழிலில் நான் மிகவும் அஞ்சும் தவறு.

எத்தனை குழந்தைகளை வைத்துக்கொள்ளலாம் என்பதற்குப் பல நாடுகளில் சட்ட வரம்பு உண்டு. பார்த்துக்கொள்பவரின் சொந்தச் சிறு குழந்தைகளையும் அந்தக் கணக்கில் சேர்க்கும் இடங்களும் உண்டு. அது உச்சவரம்பே தவிர, எட்டியாக வேண்டிய இலக்கு அல்ல. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்று இருந்தாலே இரண்டு கைகளும் அதற்குத்தான் சரியாக இருக்கும். அந்தக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துத்தான் தூங்கவிட வேண்டும். படுக்கை உறுதியாகவும் சமமாகவும், தலையணையோ பொம்மையோ இல்லாமலும் இருக்க வேண்டும். அந்த வயதுக் குழந்தைக்குத் தொண்டையில் ஏதேனும் அடைத்து மூச்சுத் திணறினால், பெரியவர்களுக்குச் செய்வதுபோல வயிற்றை அழுத்தாமல், முதுகில் 5 தட்டும் மார்பில் 5 அழுத்தமுமாக மாற்றி மாற்றித் தர வேண்டும். விழுங்கப்பட்ட பொத்தான் பேட்டரி (பொத்தான் வடிவிலான சிறு வட்டப் பேட்டரி) உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். இவற்றைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சியில் கையால் செய்து பழக வேண்டும்.

பதிவு, உரிமம் பற்றிய விதிகள் இடத்துக்கு இடம் மாறுவதால், விளம்பரம் செய்வதற்கு முன்பே உரிய அலுவலகத்தில் கேட்டு அறியச் சொல்லுங்கள். வீட்டுக்கான காப்பீடு பெரும்பாலும் தொழிலுக்குச் செல்லாது. தனியாக எடுக்க வேண்டியிருக்கும். கட்டணம், நேரம், தாமதமாக அழைத்துச்செல்வது, குழந்தை வராத நாள்களுக்கான கட்டணம், விலகுவதற்கான முன்னறிவிப்பு ஆகிய எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்வது அவசியம். பழகியவர்களிடம் எப்படிக் கேட்பது என்று கூசி விட்டுவிடுவதுதான் பின்னால் மனக்கசப்பாக முடிகிறது. வரியை யாரும் பிடித்தம் செய்து தரமாட்டார்கள் என்பதால், வரும் ஒவ்வொரு கட்டணத்திலும் ஒரு பங்கை உங்கள் மகளே ஒதுக்கிவைக்க வேண்டும். அவருக்கு உடல்நலமில்லாத நாளில் வருமானம் நிற்கக்கூடும். அன்று பெற்றோர் குழந்தையை எங்கே விடுவார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்காமலேயே சொல்கிறேன். அந்த வீடு உங்களுடையதும்கூட. காலை முதல் மாலை வரை கூடத்தை விட்டுக்கொடுக்கவும், அந்த வீட்டில் வசிக்கும் பெரியவர்களின் பின்னணியை அதிகாரிகள் விசாரிக்கும் இடமாக இருந்தால் அதற்கு இசையவும் உங்களால் முடியுமா? முடியாதென்றால் அதைத் தயங்காமல் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். முடியுமென்றால், அனுபவமுள்ள ஒருவரிடம் சில வாரங்கள் உதவியாளராக இருந்துவிட்டு, இரண்டே குழந்தைகளுடன் தொடங்கட்டும்.