பட்டறையை ஏன் எரிக்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

வார இறுதிகளில் நண்பர்கள் ஐந்து பேர் கூடி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஒரு கற்பனைச் சாகச விளையாட்டு ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி அதன் முன்கதையைப் பத்து வரியில் எழுதித் தர வேண்டும். என் ஆள் ஒரு கொல்லன். ராஜ்ஜியத்தின் கடைசி எல்லையில் ஒரு காவல்கோட்டை. அப்பா அங்கே படைக்கு வாள் அடிப்பவர். ஒருநாள் இரவு காட்டுமிராண்டிக் கூட்டம் வந்து பட்டறையோடு கோட்டையை எரிக்கிறது. எல்லோரும் சாகிறார்கள். இவன் அப்பா அடித்த கடைசி வாளை எடுத்துக்கொண்டு பழிவாங்கக் கிளம்புகிறான். இதை வாசித்த நண்பன் “இதையேதான்டா நாலு பேர் எழுதியிருக்காங்க” என்றான். வருத்தமாக இருக்கிறது. நல்ல தமிழ்ப் பெயர் வைத்தால் தனித்துத் தெரிவானா? வாளுக்கு ஏதாவது சக்தி கொடுக்கலாமா? இதற்கெல்லாம் நேரம் செலவழிப்பது வீண் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மைதானா?

கே.

அன்புள்ள கே.,

பெயர் என்ன வேண்டுமானாலும் வையுங்கள். வாளுக்குச் சக்தி வேண்டாம். வீணா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. ஐந்து நண்பர்கள் வாரம் தவறாமல் ஒரே மேசையில் கூடிக் கதை சொல்கிறார்கள் என்றால் அதை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மற்றதை வீட்டாரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் லூயிஸ், கிளார்க் இருவருடைய பயணக் குறிப்புகளில்தான் மூழ்கிக் கிடந்தேன். அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு நீர்வழி தேடி அன்றைய அதிபர் ஜெஃபர்சன் இவர்கள் தலைமையில் அனுப்பிய குழு அது. 1804 நவம்பரில் மிசூரி ஆற்றங்கரையில், இன்றைய வடக்கு டகோட்டாவில், மரத்தை வெட்டி அடுக்கி ஒரு சின்னக் கோட்டை கட்டிக்கொண்டார்கள். ஃபோர்ட் மாண்டன் என்று பெயர். அடுத்த ஏப்ரல் வரை அங்கேதான் இருந்தார்கள். நீங்கள் எழுதிய எல்லைக் காவல்கோட்டை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். டிசம்பர் 17 காலை வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 45 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது என்று கிளார்க் எழுதி வைத்திருக்கிறார். நம் கணக்கில் மைனஸ் 43. கொண்டுவந்த உணவு போதாது. வேட்டைக்குப் போனவர்கள் உறைந்த கால்களோடு திரும்பி வருகிறார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவர்களுக்குத் தானியம் கிடைக்கச் செய்தவன் ஜான் ஷீல்ட்ஸ் என்ற கொல்லன். கெண்டக்கியிலிருந்து சேர்ந்தவன், படைவீரர்களில் வயதில் மூத்தவன். வில்லியம் பிராட்டன், அலெக்சாண்டர் வில்லார்ட் இருவரும் அவனோடு உலை வேலை பார்த்தவர்கள்.

அவன் அங்கே வாளே அடிக்கவில்லை, கே. பக்கத்து ஊர்களில் மாண்டன், ஹிடாட்சா என்ற பழங்குடி மக்கள் இருந்தார்கள். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி என்று நன்றாக விளைவித்துச் சேமித்து வைத்திருந்தவர்கள். உடைந்த மண்வெட்டியையும் மழுங்கிய கோடரியையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஷீல்ட்ஸ் சரிசெய்து கொடுப்பான். கூலி, சோளம். வழியிலேயே எரிந்து வீணாகிப்போன ஒரு இரும்புத் தகட்டு அடுப்பு படகில் கிடந்தது. அதை வெட்டி விற்கச் சொல்லி லூயிஸ் அனுமதி கொடுக்கிறார். நான்கு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றுக்கு ஏழெட்டு கேலன் சோளம் கிடைத்திருக்கிறது. கையகல ஓட்டைத் தகட்டுக்கு! அதை அவர்கள் அம்புமுனையாகவும், எருமைத்தோல் சுரண்டும் கருவியாகவும் ஆக்கிக்கொண்டார்கள். கொல்லர்கள் மட்டும் இல்லையென்றால் சோளம் வாங்க வேறு வழி கண்டுபிடிப்பது கடினமாக இருந்திருக்கும் என்று 1805 பிப்ரவரி 6 அன்று லூயிஸ் எழுதுகிறார்.

இப்போது உங்கள் பத்து வரிக்கு வருகிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான். ‘என் ஆள் ஒரு கொல்லன்’ என்று தொடங்குகிறீர்கள். அந்தப் பத்து வரியில் அவன் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. அவன் உலையில் எரிவது என்ன கரி, அதை யார் சுட்டுக் கொடுத்தார்கள், இரும்பு எங்கிருந்து வந்தது, அவனிடம் வேலை கொண்டுவந்தது யார், கூலியாக என்ன கொடுத்தார்கள், எதுவுமே இல்லை. மூன்றாவது வரியில் பட்டறை எரிந்துவிடுகிறது. நீங்கள் அதற்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே எரித்துவிட்டீர்கள். அப்புறம் நண்பன் சொன்னான் என்று வருத்தப்படுகிறீர்கள். நண்பன் சொன்னது சரி. எரிந்த வீடும் செத்த அப்பாவும் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். சமையல்காரன் என்று மாற்றினாலும் உங்கள் கதையில் வேறொரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்காது.

கரியையே எடுத்துக்கொள்ளுங்கள். விறகை வெட்டி, நெருக்கமாக அடுக்கி, மேலே மண் போட்டு மூடி, உள்ளே காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் புகைய விட வேண்டும். புகையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே ஆள் காவல் இருக்க வேண்டும். எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்று உள்ளே போனால் மொத்தமும் சாம்பல். ஃபோர்ட் மாண்டனில் அந்த உறைபனியில் இதைச் செய்தார்கள். ஜனவரி 29 அன்று கிளார்க் எழுதுகிறார்: பெரிய கரிச்சூளை ஒன்று மூட்டியிருக்கிறோம், இவர்களுடைய கோடரிகளைப் பழுதுபார்க்கவும் போர்க்கோடரிகள் செய்து கொடுக்கவும், தானியம் பெற எங்களுக்கு இருக்கும் ஒரே வழி இது. ஒரு கொல்லனுக்குப் பின்னால் கோடரியோடு காட்டுக்குப் போகும் பத்து ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கோட்டையில் அவர்கள் யார்? அவர்களோடு அவனுக்குச் சண்டை உண்டா? ஈரக் கரி கொண்டுவந்து ஏமாற்றியவன் ஒருவனாவது உண்டா?

இரும்பு இன்னும் பெரிய விஷயம். ஸ்காட்லாந்தில், டே ஆற்றங்கரையில், இஞ்ச்டூதில் என்ற இடத்தில் ரோமானியர்கள் ஒரு பெரிய படைக்கோட்டையைக் கட்டத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே, கி.பி. 86, 87 வாக்கில், விட்டுவிட்டுப் போனார்கள். 1960இல் அகழாய்வு செய்தபோது அதன் பட்டறைக்குள் ஆழமாக ஒரு குழி. உள்ளே எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகள், மேலே சரளை கொட்டி மூடியிருந்தது. சுமந்து போக முடியாத இரும்பு உள்ளூர் மக்கள் கையில் கிடைத்தால் ஆயுதமாகிவிடும் என்று பயந்து புதைத்தார்கள் என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். வெளியே இருந்த ஆணிகள் துருப்பிடித்து ஓடாகி உள்ளே இருந்தவற்றைக் காப்பாற்றியிருக்கின்றன. அணுக்கழிவுக் கலன்கள் மண்ணுக்கடியில் எப்படித் துருப்பிடிக்கும் என்று ஆராய்கிறவர்கள் இந்த ஆணிகளையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லையில் ஒரு ஆணிக்கு என்ன மதிப்பு என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? எதிரிக்குப் போகக் கூடாது என்று படையே சேர்ந்து ஆணியைப் புதைக்கிறது. உங்கள் ஆள் வெறும் வாளோடு கிளம்புகிறான். அந்தக் குழியை வெட்டிய கையோடு கிளம்பியிருந்தால் நான் அவன் பின்னாலேயே வந்திருப்பேன். புதைத்த இடம் தெரிந்தவன் அவன் ஒருவன்தானே!

அடுத்து அந்தக் ‘காட்டுமிராண்டிக் கூட்டம்’. இந்த ஒரு சொல்லுக்காகவே உங்களை நேரில் பார்த்தால் திட்டுவேன். எல்லைக் கோட்டையில் உட்கார்ந்திருக்கிறவன் தான் இருக்கும் இடத்தை உலகத்தின் ஓரம் என்று நினைத்துக்கொள்கிறான். லூயிஸ், கிளார்க் ஆட்களுக்கு அது ஓரமாக இருக்கலாம். மாண்டன் ஊர்கள் அந்தச் சமவெளிக்கே சந்தை. வடக்கேயிருந்து பிரிட்டிஷ் கம்பெனி வணிகர்கள் வந்தார்கள். மற்றப் பழங்குடிகள் குதிரையும் தோலும் கொண்டுவந்து சோளம் வாங்கிப் போனார்கள். அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்து குளிரில் ஒண்டிக்கொண்டு, அவர்கள் சோளத்தைத் தின்று பிழைத்தது கோட்டைதான். கோட்டையில் இருக்கிறவர்களில் இதை முதலில் புரிந்துகொள்கிறவன் கொல்லன். கேப்டனுக்கு அவர்கள் ஒரு பேச்சுவார்த்தை. கொல்லனுக்கு அவர்கள் வாடிக்கையாளர்கள். யார் மண்வெட்டி எங்கே வளைந்தது, யார் கோடரிக்கு என்ன பிடி வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அவர்கள் கேட்ட போர்க்கோடரியின் வடிவம் லூயிஸுக்குப் பிடிக்கவேயில்லை. மெல்லிய நீண்ட அலகு, ஓரடிக்குச் சற்றே மேற்பட்ட குட்டைக் கைப்பிடி, குறி தவறும், அடியில் பலம் இருக்காது என்று படமே வரைந்து குறை சொல்கிறார். ஷீல்ட்ஸ் அவர்கள் கேட்டபடியே செய்து கொடுத்தான்.

இதற்குள் ஒரு முள் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். அந்தக் கேப்டன்கள் இருவரும் அக்கம்பக்கத்துப் பழங்குடிகள் சண்டை போடக் கூடாது என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் சமாதானம் பேசினார்கள். அதே கோட்டைக்குள் அதே மாதங்களில் உலையில் போர்க்கோடரி காய்ந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 1 அன்று ஹிடாட்சா போர்த் தலைவர் ஒருவர் கொஞ்சம் சோளத்தோடு வந்து, தனக்கு ஒரு போர்க்கோடரி செய்து தரச் சொல்கிறார். கூடவே, ஒரு மாண்டன் ஆளைக் கொன்ற சியூ, அரிகரா பழங்குடி ஆட்கள்மேல் படையெடுத்துப் போகவும் இசைவு கேட்கிறார். போகக் கூடாது என்று மறுத்துக் காரணம் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் கோடரி வேலை நிற்கவில்லை, நிறுத்தினால் சோளம் நின்றுவிடும். அடுப்படியில் நிற்கிற கொல்லனை நினைத்துப் பாருங்கள். இந்தக் கோடரி யார் தலையில் இறங்கும் என்று தெரிந்தும் தெரியாமலும் அடிக்கிறான், தன் கூட்டாளிகளின் சாப்பாட்டுக்காக.

எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறை நினைவுக்கு வராமல் இதை என்னால் வாசிக்க முடியவில்லை. சிறுவயதில் துருத்தி ஊத ஆள் வேண்டும் என்றால் நான்தான் ஓடுவேன். அந்தக் கொல்லருக்கும் காசுக் கூலி குறைவு, அறுவடையின்போது களத்தில் வைத்து ஒவ்வொரு வீடும் நெல் அளந்து கொடுப்பார்கள். தேய்ந்த கொழுவைக் கையில் வாங்கியதுமே இது யார் வீட்டு ஏர், எந்தக் காட்டில் ஓடியது என்று சொல்வார். ஒரு வருஷம் பங்காளிகள் இரண்டு வீட்டுக்கும் வரப்புத் தகராறு முற்றிவிட்டது. ஊரில் பெரியவர்கள் யாருக்கும் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாது. அவருக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அறுப்புக் காலமே இல்லாத மாதத்தில் இரண்டு வீட்டு அரிவாளும் ஒரே வாரத்தில் காய்ச்சி அடிக்க வந்தன. இரண்டையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். கேட்க வந்தவர்களிடமெல்லாம் கரி வரவில்லை என்றார். மூலையில் இரண்டு மூட்டைக் கரி இருந்தது, நானே பார்த்தேன். இரண்டு வீட்டாரும் அவரைத் திட்டினார்கள், ஒரு வீட்டார் அந்த வருஷம் நெல்லும் அளக்கவில்லை. சண்டை வாய்ச்சண்டையோடு போயிற்று. அவர் ஒன்றும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை, மறுபடியும் கொழு காய்ச்சப் போய்விட்டார். நான் அறிந்த சாகசக்காரர்களில் முதல் ஆள் அவர்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தம்பி, உங்கள் ஆளுக்கு இப்படி ஒரு நாள் கொடுங்கள். பட்டறை எரிய வேண்டாம். அப்பா சாக வேண்டாம், உயிரோடு இருக்கட்டும், திட்டிக்கொண்டே இருக்கட்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சோளத்தோடு ஒருவன் வந்து கோடரி கேட்கட்டும். உங்கள் ஆள் அடித்துக் கொடுத்தானா, கரி இல்லை என்று சொன்னானா? கொடுத்திருந்தால் அது எங்கே போய் இறங்கியது? கொடுக்காமல் விட்டதால் அந்தக் குளிர்காலத்தில் கோட்டையில் யார் பட்டினி கிடந்தார்கள்? கோட்டையை விட்டு அவன் கிளம்ப வேண்டிய காரணம் அங்கேயே இருக்கிறது, பழியெல்லாம் தேவையே இல்லை.

கிளம்பிய பிறகும் அவன் வேலை அவனை விடாது. ஷீல்ட்ஸ் பசிபிக் கடல்வரை போனான், வழியெல்லாம் துப்பாக்கி விசைகளைச் சரிசெய்துகொண்டே. அவன் திறமையும் கையோடு எடுத்துவந்த உதிரிப் பாகங்களும் இல்லையென்றால் எங்கள் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்நேரம் உதவாமல் போயிருக்கும் என்று 1806 மார்ச்சில் லூயிஸ் எழுதுகிறார். திரும்பும் வழியில் ராக்கி மலைக்கு மேற்கே நெஸ் பெர்ஸ் மக்களின் ஊர் ஒன்றில் ஆட்கள் எதையோ பந்தயம் வைத்துச் சூதாடிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தால், அது ஃபோர்ட் மாண்டனில் ஷீல்ட்ஸ் அடித்த போர்க்கோடரி! கைமாறிக் கைமாறி மலையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. குழுவில் இருந்த சார்ஜென்ட் ஆர்ட்வே இதை நாட்குறிப்பில் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். உங்கள் விளையாட்டை நடத்துகிற நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். ஆட்டம் பாதி போனபிறகு, பெயர் தெரியாத ஒரு ஊரில், முன்பின் தெரியாத ஒருவன் இடுப்பில் உங்கள் ஆள் அடித்த கோடரி தொங்க வேண்டும். அது எப்படி வந்தது என்று அவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் ஐந்து பேரில் ஒருவருக்காவது அன்று பகடையை உருட்டக் கை வராது.

பத்து வரி போதாது என்பீர்கள். போதும். வாளை வெட்டினாலே நான்கு வரி மிச்சம். கரி சுட்டவன் பெயரை முதல் வரியிலேயே வையுங்கள், எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.