கேம்பர் வேனில் டயருக்கும் ஏர் பேக்குக்கும் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

படுக்கையும் அடுப்பும் வைத்து உள்ளேயே தங்கிப் பயணிக்கும் உங்கள் கேம்பர் வேனில் பின்பக்கம் ஏர் பேக் போட்டாயிற்று, இனி டயரில் காற்றைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து குறைக்காதீர்கள். நீங்கள் சொல்வது விபத்தில் விரியும் பை அல்ல, பின் அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவில் வைக்கிற ரப்பர்ப் பை. அது தொங்கிப்போன வண்டியை நிமிர்த்தும், அவ்வளவுதான். பாரம் அந்தப் பை வழியாக அச்சுக்கு இறங்கி, கடைசியில் டயர் மேல்தான் உட்காருகிறது. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையும் இதனால் ஒரு பவுண்டுகூட ஏறுவதில்லை.

நாங்கள் இருப்பது டென்வரில். வண்டி ராம் ப்ரோமாஸ்டர் 2500. டயர் அளவு எல்டி225/75ஆர்16, அதிகப் பாரம் தாங்கும் ஈ ரகம். முதல் பயணத்தில் டயரின் பக்கவாட்டில் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று இருந்ததைப் பார்த்து நான்கிலும் 80 வைத்துவிட்டேன். ஏர் பேக்கில் கடைக்காரர் சொன்னபடி 60. யூட்டா மண் சாலையில் அலமாரி திறந்து பாத்திரமெல்லாம் கொட்டியது, பின்சீட்டில் இருந்த மகள் முதுகு வலிக்கிறது என்று அழுதாள். அந்த 80, டயர் தன் முழுச் சுமையைத் தாங்கத் தேவையான அழுத்தம். நம் வண்டியின் சுமை என்னவென்று அதற்குத் தெரியாது.

திரும்பி வந்ததும் லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடைமேடையில் ஏற்றினேன். தண்ணீர், பெட்ரோல், ஆட்கள், சாமான் எல்லாம் வண்டியில் இருக்கும்போதே எடை போடுங்கள். முன் அச்சு 3,900 பவுண்டு, பின் அச்சு 4,400 என்று சீட்டு வந்தது. பின் டயர் ஒன்றுக்கு 2,200. எவ்வளவு சுமைக்கு எவ்வளவு காற்று என்று காட்டும் டயர் அட்டவணையில் இந்த டயர் 65 பிஎஸ்ஐயில் 2,335 பவுண்டும் 80-இல் 2,680-உம் தாங்கும். அப்படியானால் 65 போதுமே என்று தோன்றும். ஆனால் எங்கள் அடுப்பும் 30 காலன் தண்ணீர்த் தொட்டியும் இடது பக்கம். தண்ணீர் மட்டுமே 250 பவுண்டு. சரிபாதி என்பது காகிதத்தில்தான். அதனால் பின்பக்கம் இரண்டிலும் 70 வைக்கிறேன். முன்பக்கத்துக்கு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவே போதும். எந்த டயரிலும் அந்த அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

ஏர் பேக்குக்கு எடைக் கணக்கு வேண்டாம், ஒரு அளவு டேப் போதும். சாமான் ஏற்றுவதற்கு முன் சக்கர நடுவிலிருந்து மேல்வளைவு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றியபின் ஐந்தைந்து பிஎஸ்ஐயாக அடித்து, அந்த உயரம் திரும்பியதும் நிறுத்துங்கள். எங்களுக்கு இடது 40, வலது 30. இதற்காகத்தான் இரண்டு பைக்கும் தனித்தனி வால்வு வேண்டும் என்கிறேன். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். சுமை இல்லாதபோதும் 5 பிஎஸ்ஐயாவது இருக்கட்டும், இல்லையென்றால் பை மடிந்து நசுங்கிக் கிழியும். பை சிறியது, அழுத்தமானியை வைத்து எடுப்பதற்குள்ளேயே அழுத்தம் இறங்கிவிடும். பெட்ரோல் பங்க் குழாயும் சட்டென்று அதிகமாக ஏற்றிவிடும். நான் சைக்கிள் பம்பால்தான் அடிக்கிறேன்.

அப்புறம், டயர் அழுத்தத்தைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள். 65 பிஎஸ்ஐ அளவில் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். ஓடிச் சூடான டயரில் மானி அதிகமாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

உங்கள் எடைச்சீட்டு எண்களையும் டயர் அளவையும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.