வியர்வைக்கு வயது காரணமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, 20 வருடமாகச் சர்க்கரை நோய். நுரையீரல் தொற்றுக்காக 11 நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, மூன்று வாரம் முன்பு வீடு திரும்பினார். அங்கே எடுத்த ரிப்போர்ட்டில் ஹெச்பிஏ1சி 9.2, கிரியேட்டினின் 1.9, இ.ஜி.எஃப்.ஆர். 38 என்று இருக்கிறது. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் இரவில் இன்சுலினும் கொடுத்திருக்கிறார்கள். 9.2 அதிகம்தானே, மருந்தைக் கூட்டச் சொல்லலாமா? பயந்துவிடுவார் என்று ரிப்போர்ட்டை அவரிடம் காட்டவில்லை. விடியற்காலையில் வியர்த்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். வயதானால் அப்படித்தான் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

பதில்: மூன்று எண்களை அக்கறையாக எழுதிவிட்டு, முக்கியமான நான்காவதை விட்டுவிட்டீர்கள். வியர்த்து எழும்போது அவருக்குச் சர்க்கரை எவ்வளவு? யாராவது விரலில் குத்திப் பார்த்தீர்களா? இல்லை என்பது உங்கள் கடைசி வரியிலேயே தெரிகிறது. இன்சுலின் போடுகிறவர் விடியற்காலையில் வியர்த்து எழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தாழ்சர்க்கரையைத்தான். நீங்களோ வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டீர்கள்.

ஹெச்பிஏ1சி 9.2 என்பது பழைய கணக்கு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. இரண்டு மூன்று மாதமாகச் சராசரி 217 மி.கி. வாக்கில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நேற்று விடியற்காலை 55க்கு இறங்கியதா என்று அது சொல்லாது. மருந்தைக் கூட்டச் சொல்லிப் போய் நிற்காதீர்கள்.

தொற்று இருக்கும்போது சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் முடிவு செய்த இன்சுலின் அளவு, தொற்று அடங்கியதும் அதிகப்படியாகிவிடலாம். அதோடு இ.ஜி.எஃப்.ஆர். 38ஐ, அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தை, சேர்த்துப் பாருங்கள். சிறுநீரகம் மந்தமானால் இன்சுலினும் கிளிமிபிரைடும் உடம்பில் கூடுதல் நேரம் வேலை செய்யும். (38 நிலைத்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், கடும் தொற்றில் தற்காலிகமாகவும் ஏறும். மூன்று மாதம் கழித்தும் இ.ஜி.எஃப்.ஆர். 60க்குக் கீழேயே இருந்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையும் கேளுங்கள்.)

இன்று இரவு ஊசி போடும் முன் டாக்டருக்குப் போன் செய்து இந்த வியர்வையைச் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். விடியற்காலை வியர்த்தால் உடனே அளந்து பாருங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தடுமாறி விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, இப்போது ரிப்போர்ட்டை ஒளித்த விஷயம். இதில் எனக்குக் கோபம்தான். 20 வருடம் அந்த நோயோடு குடித்தனம் நடத்தியவர் அவர். ஊசி ஏறுவது அவர் உடம்பில், இருட்டில் எழுந்து உட்காருவதும் அவர். இது சர்க்கரை இறங்கிய அறிகுறியாக இருக்கலாம் என்று தெரிந்திருந்தால் உங்களை எழுப்பியிருப்பார். தெரியாததால் நீங்கள் சொன்ன பொய்யை நம்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு படுத்துவிடுகிறார். பயந்துவிடுவார் என்கிறீர்கள். பயப்படட்டும் அம்மா, பக்கத்தில் நீங்கள் இருங்கள். பிள்ளை என்று ஒருத்தி அதற்குத்தானே?

போன் செய்து முடித்ததும் ரிப்போர்ட்டை எடுத்துப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். குளுக்கோமீட்டரை அவர் தலைமாட்டில் வையுங்கள். வியர்க்கும்போது வேறு என்ன செய்கிறது என்று கேளுங்கள். நடுக்கம், படபடப்பு, பசி என்று இத்தனை நாள் சொல்லாததெல்லாம் வரலாம். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரை முன் நாற்காலியில் உட்கார வைத்து, அவரையே பேச விடுங்கள்.