டிசம்பரில் தனுஷ்கோடி போயும் ஒரு பூநாரைகூட (ஃபிளமிங்கோ) கண்ணில் படவில்லை. மதுரையிலிருந்து கடலோரப் பறவைகளைப் பார்க்க எந்த மாதம் போகலாம்?

அரையாண்டு லீவில் குடும்பத்தோடு வேன் பிடித்துப் போயிருப்பீர்கள். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, உச்சி வெயிலில் அரிச்சல்முனை. சரிதானே? அடுத்த முறை பொங்கல் கழித்துப் போங்கள். தை பாதியிலிருந்து மாசி முடிய நல்ல காலம். கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் மாதத்தை மட்டும் நம்பிப் போனால் மறுபடியும் வெறும் மணலைப் பார்த்துவிட்டு வருவீர்கள், அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் விலங்கியல் படித்தவன் இல்லை, கடையில் கணக்கு எழுதுகிறவன். "டிசம்பர் முதல் வாரமே நான் பூநாரை பார்த்தேனே" என்று போட்டோவோடு யாராவது கீழே வருவார்கள். பார்த்திருப்பீர்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. மழை குறைந்த வருடமாக இருந்திருக்கும்.

வலசைப் பறவைகள் நம் கரைக்கு வர ஆரம்பிப்பது ஆவணி, புரட்டாசியிலேயே. ஈரக் கரையில் இரை தேடும் சின்ன உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் முதலில் வந்துவிடும். வந்தது எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீரின் ஆழம்தான் முடிவு செய்கிறது. கொசு உள்ளானுக்கு விரல்கடை ஈரம் போதும். நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு ஜாண். பூநாரை முழ ஆழம் வரை இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயல் நிரம்பி, வாடைக்காற்றும் சேர்ந்து பாக் நீரிணைப் பக்கத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தால் உள்ளான் எங்கே கால் ஊன்றும்? நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூடத் தேறாது. பெரிய ஓதம் உள்ள ஊர்களில் தினமும் இரண்டு தடவை சேறு வெளியே தெரியும். இங்கே காற்று மாறி, மழை விட்டு, வெயில் காய்ந்தால்தான் உண்டு.

முகுந்தராயர் சத்திரம் தாண்டி ரோட்டோரம் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "காத்து திரும்பட்டும் தம்பி, தண்ணி வத்துனா அதுவா வந்து நிக்கும்."

அவர் சொன்னபடியே பொங்கல் முடிந்து மச்சானைக் கிளப்பிக்கொண்டு போனேன். "ஏன் மாப்ள, கொக்கு பாக்க தனுஷ்கோடி வரைக்குமா? நம்ம கண்மாயில இல்லாத கொக்கா?" என்று பரமக்குடி வரை புலம்பிக்கொண்டே வண்டி ஓட்டினார். விடிந்த கொஞ்ச நேரத்தில் காயல் ஓரம் நிறுத்தினோம். தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி ஒன்று. பைனாகுலர் வைத்தால் அத்தனையும் பூநாரை. கூட்டத்திலிருந்து பிரிந்து சில மட்டும் ரோட்டுக்குக் கிட்டத்தில் மேய்ந்தன. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு தரையைப் பார்க்க, கால்களை மாற்றி மாற்றிச் சேற்றை மிதித்துக்கொண்டே வட்டமடித்தது ஒன்று. மிதித்த இடத்தில் கலங்கல் எழும்ப, அலகின் ஓரத்தில் தண்ணீர் விட்டுவிட்டு வழிந்தது. நாக்கால் உறிஞ்சித் தள்ளுகிறது, அலகின் உட்புறச் சல்லடையில் பாசியும் சிறு பூச்சியும் தங்கிவிடும். அதன் பக்கத்தில் அழுக்குச் சாம்பல் நிறத்தில் இரண்டு நின்றன. மச்சான் அவற்றை வேறு ஏதோ நாரை என்றார். அவை இளசுகள். பிங்க் நிறம் தீனியிலிருந்து வருகிறது, ஏற வருடக்கணக்கில் ஆகும். நீங்களும் சாம்பல் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பூநாரை இல்லை என்று திரும்பியிருக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2025 ஜூனில் அந்த இடத்தை அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. அதனால் கிட்டே நடந்து போய் செல்ஃபி எடுப்பதெல்லாம் வேண்டாம்.

டிசம்பரில்தான் லீவு கிடைக்கும் என்றால் கடலை விட்டுவிட்டுக் கரைக்குப் பின்னால் இருக்கும் கண்மாய்களுக்குப் போங்கள். ராமநாதபுரம் பக்கம் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல். முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, கஞ்சிரங்குளம். நான்குமே ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இருப்பவை. கடற்கரையைக் காலி செய்கிற அதே மழை இந்தக் கண்மாய்களை நிரப்புகிறது. மீன்குஞ்சு பெருகும் நேரம் பார்த்து மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, நத்தை குத்தி நாரை எல்லாம் கூடு கட்டும். வைகையில் தண்ணீர் வந்தாலும் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும், கடலைத் தொடுவது அபூர்வம். மதுரையில் வைகை மேலிருக்கும் ஏ.வி. பாலத்துக்குக் கீழே வெள்ளம் ஓடினால் அங்கேயும் பறவைக்கு நல்ல வருடம் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொள்வேன். இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் மேலூர், திருப்பத்தூர் ரோட்டில் வேட்டங்குடி. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

தூத்துக்குடி உப்பளம் வேறு கணக்கு. மழையில் உப்பு வாருவது நின்றுவிடும். பாத்தியில் மறுபடி நீர் கட்டும்போது உள்ளான்கள் வந்து சேரும்.

முன்னே சொன்ன கண்மாய் நாரைகள் கூடு கட்டுவது பெரும்பாலும் கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில். இங்கே "கருவேலம்" என்றாலே சீமைக்கருவேலம் என்று நினைத்து வேரோடு பிடுங்கச் சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. சீமைக்கருவேலத்துக்கு நான் வக்கீல் இல்லை. நாட்டு மரத்தையும் சேர்த்து வெட்டுகிறார்களே, அதுதான் எரிச்சல்.

எரிச்சல் என்றதும் எங்கள் பகுதிக் கண்மாய் ஞாபகம் வந்துவிட்டது. அழகுபடுத்துகிறோம் என்று கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்து, நடைபாதை போட்டு, ராத்திரி முழுக்க விளக்கும் ஸ்பீக்கர் பாட்டுமாக ஆக்கிவிட்டார்கள். ஓரத்தில் ஆழமில்லாத தண்ணீர் போனதும் உள்ளான், அரிவாள் மூக்கன் எதுவும் இறங்குவதில்லை. முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகம் மட்டும் மிச்சம். ஒரு பக்கமாவது சரிவாக விடுங்கள் என்று மனு எழுதிக்கொண்டு போனால், "கொக்கு வாக்கிங் போகாது சார், மனுஷன்தான் போறான்" என்று சிரித்தபடி வாங்கி வைத்தார் அதிகாரி. ரசீதுகூடத் தரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் ராத்திரியே ராமநாதபுரம் போய்த் தங்கிவிடுங்கள். மதுரையிலிருந்து விடிந்து கிளம்பினால் போய்ச் சேரும்போது கானல் ஆடும், பைனாகுலரில் எல்லாம் கலங்கித் தெரியும். கடைசி மழை எப்போது பெய்தது என்று அங்கே ஒரு டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் நல்ல மழை என்றால் சக்கரக்கோட்டைக்குத் திருப்பிவிடுங்கள், பத்து நாளாக வெயில் என்றால் நேரே தனுஷ்கோடி.