முன்கை எலும்பு முறிவு: தகடா, உட்கம்பியா?

கேள்வி: எனக்கு வயது 34. முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்து விலகிவிட்டன. குழந்தைகளுக்கு மாவுக்கட்டே போதுமானதாக இருக்கும்போது எனக்கு மட்டும் அறுவைச் சிகிச்சை எதற்கு?

வளரும் எலும்பு சிறு கோணலைத் தானே ஓரளவு திருத்திக்கொள்ளும். வளர்ச்சி நின்ற எலும்புக்கு அந்தத் திறன் இல்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உள்ளங்கையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்பும்போது, சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா ஏறக்குறைய அசையாமல் நிற்க, கட்டைவிரல் பக்கமுள்ள ரேடியஸ் அதைச் சுற்றி வருகிறது. அதாவது முன்கை முழுவதுமே ஒரு மூட்டாக இயங்குகிறது. ரேடியஸுக்கு இயல்பாகவே வில் போன்ற வளைவு இருப்பதால்தான் இந்தச் சுழற்சி தடையின்றி நடக்கிறது. விலகிய முறிவில் தசைகள் துண்டுகளை இழுத்துத் திருகிக்கொண்டே இருப்பதால், மாவுக்கட்டு அந்த வளைவையும் நீளத்தையும் காப்பது அரிது. எலும்பு கூடிவிடும், கை திரும்பாது.

கேள்வி: தகடு பொருத்துவதா, எலும்புக்குள் கம்பி செலுத்துவதா? எது மேல்?

பெரியவர்களுக்கு இன்றும் முதல் தேர்வு தகடுதான். முறிந்த இடத்தைத் திறந்து, துண்டுகளைக் கண்ணால் பார்த்துச் சேர்த்து, பெரும்பாலும் 3.5 மி.மீ. அளவு திருகுகளுக்கான தகட்டை வைத்து, முறிவின் இருபுறமும் குறைந்தது மூன்று திருகுகளால் இறுக்குவது வழக்கம். எளிய முறிவானால் இரு முனைகளையும் ஒன்றோடொன்று நெருக்கி அழுத்தலாம். நொறுங்கியிருந்தால் சிறு துண்டுகளைத் தொந்தரவு செய்யாமல் பாலம் போல நீண்ட தகட்டை வைக்கலாம். இவ்வாறு பொருத்திய முறிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் கூடிவிடுகின்றன. பிடிப்பு உறுதியாக இருந்தால், நீண்ட நாள் மாவுக்கட்டு இல்லாமலே விரல்களையும் முழங்கையையும் மணிக்கட்டையும் சில நாட்களில் அசைக்கத் தொடங்கலாம். விலையாகக் கொடுப்பது நீண்ட தழும்பும், எலும்பைச் சூழ்ந்த தசைகளைச் சற்று விலக்க வேண்டிய நிலையும்.

உட்கம்பியில் வெட்டு சிறியது. முறிவைச் சூழ்ந்த இரத்த ஓட்டமும் பெரிதும் குலையாது. தோல் நசுங்கியோ தீக்காயம்பட்டோ இருப்பவருக்கும், ஒரே எலும்பு இரண்டு இடங்களில் உடைந்தவருக்கும் இது நல்ல வழி. ஆனால் வழவழப்பான உருண்டைக் கம்பி, துண்டுகள் சுழல்வதைத் தடுப்பதில்லை. இரு முனைகளிலும் திருகால் பூட்டும் கம்பிகள் இக்குறையைப் பெருமளவு தீர்த்திருக்கின்றன. நேரான கம்பியை வளைந்த ரேடியஸுக்குள் செலுத்தினால் எலும்பின் வில் நிமிர்ந்துவிடும் என்பதால், அதை முன்கூட்டியே வளைத்துக்கொள்ள வேண்டும். இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் எலும்பு கூடும் விகிதத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ரேடியஸின் வளைவைத் துல்லியமாக மீட்பதில் தகடு முந்துகிறது. ஆகவே, வளைந்த ரேடியஸுக்குத் தகடும் ஏறக்குறைய நேரான அல்னாவுக்குக் கம்பியும் என்று கலந்து செய்வோரும் உண்டு. அந்தக் கலவையில் நியாயம் இருக்கிறது என்றே கருதுகிறேன். எக்ஸ்ரே படத்தின் நேர்த்தியைக் காட்டுபவரிடம், உள்ளங்கையைத் திருப்பிக் காட்டச் சொல்வது என் வழக்கம்.

கேள்வி: திருகு தகட்டோடு பூட்டிக்கொள்ளும் புதுவகைத் தகடுதான் சிறந்தது என்கிறார்களே?

எலும்பு மெலிந்தவருக்கும் மிகவும் நொறுங்கிய முறிவுக்கும் அது உதவும். திடமான எலும்பில் ஏற்பட்ட எளிய முறிவில் சாதாரண அழுத்தத் தகடு அதற்குக் குறைந்ததல்ல.

கேள்வி: அல்னா மட்டும் உடைந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சை கட்டாயமா?

எலும்பின் நடுப்பகுதியிலோ அதற்குக் கீழோ முறிந்து, விலகல் எலும்பின் அகலத்தில் பாதிக்கும் குறைவாகவும் கோணல் 10 பாகைக்குள்ளும் இருந்தால், கட்டோ தாங்கியோ போதுமானதாக இருக்கலாம். ஆனால் முழங்கையும் மணிக்கட்டும் தெரியும்படி எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும். அல்னா உடைந்து ரேடியஸின் தலை முழங்கையில் நழுவும் காயத்தை, எக்ஸ்ரே இல்லாத 1814-லேயே இத்தாலிய அறுவை மருத்துவர் மொன்டெஜியா விவரித்துவிட்டார். எக்ஸ்ரே இருக்கும் இக்காலத்திலும் அது கவனத்திலிருந்து தப்புவதுண்டு.

கேள்வி: தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தது. வெளிச்சட்டகம் (எலும்பில் செலுத்திய ஊசிகளைத் தோலுக்கு வெளியே இணைத்துப் பிடிக்கும் சட்டம்) போட்டிருக்கிறார்கள். இதுவே இறுதிச் சிகிச்சையா?

பெரும்பாலும் இல்லை. விரைவாக நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து, காயத்தைக் கழுவி, இறந்த திசுவை அகற்றுவதே முதல் வேலை. காயம் சுத்தமாகவும் எலும்பை மூடத் தசை மிஞ்சியும் இருந்தால் அப்போதே தகடு பொருத்துவதுண்டு. மண் படிந்த பெருங்காயத்தில் சட்டகம் இடைக்கால ஏற்பாடு. எந்த முறையானாலும், விரல்களை நீட்டும்போது தாங்க முடியாத வலி கூடிக்கொண்டே போனால், தசை அறைக்குள் (தசைகளை இறுக்கமாகச் சூழ்ந்த உறைக்குள்) அழுத்தம் ஏறுகிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: தகட்டை எப்போது எடுக்க வேண்டும்?

தொந்தரவு இல்லையெனில் எடுக்கவே வேண்டியதில்லை. அல்னாவின் தகடு தோலுக்கு அடியிலேயே இருப்பதால் சிலருக்கு உறுத்தும். அப்போதும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் பொறுப்பது நல்லது. அவசரப்பட்டு எடுத்தால் திருகு இருந்த துளைகளின் வழியே எலும்பு மீண்டும் முறியலாம். ரேடியஸின் மேல்பகுதியில், விரல்களை நீட்ட உதவும் நரம்பு தகட்டுக்கு மிக அருகே தழும்போடு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், தகட்டை எடுக்கும்போது அது காயப்படும் அபாயமும் உண்டு. எடுத்த பிறகும் சில மாதங்களுக்குப் பளு தூக்குவதையும் மோதல் உள்ள விளையாட்டுகளையும் தவிர்க்க வேண்டும்.